எல்லம்மா கொடுத்த கரண்ட்

“யாரும்மா மௌரீன்? ஒரு பகலுக்குக் கரண்டை நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்தது நீங்கதானா?”

“நாங்கதான் சார். வாங்க. முதல்ல டீ குடிக்கிறீங்களா?”

“இறங்கி வந்து குடிக்கிறேன். சாரை மாடிக்கு ஏறச் சொல்லுங்க. நான் அவுத்து விட்டா அவரு இழுத்துக்கணும்.”

லைன்மேன் நாகேஷ் தெருக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஏறினார். மொட்டை மாடியில் மௌரீனின் கணவர் பெர்னார்ட் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரைத் தாங்கி நின்ற இரும்புக் குழாய் அடியில் துருப்பிடித்துச் சாய்ந்துவிட்டது. போன மழைக்குப் பிறகு ஒயர், எம்பினால் கைக்கு எட்டும் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. புதுக் குழாய் நட்டு, ஒயரை அதன் தலையில் ஏற்றிக் கட்ட வேண்டும். அந்த வேலை முடியும்வரை இணைப்பைத் துண்டித்து வைக்கவும், முடிந்ததும் திரும்பக் கொடுக்கவும் மௌரீன் கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

நாகேஷ் கம்பத்துப் பக்கத்து முனைகளை அவிழ்த்து விட்டார். பெர்னார்ட் ஒயரை இழுத்துச் சுருட்டி மாடித் தரையில் வைத்தார். அதன் மறுபக்கம் சுவரோரமாகக் கீழே இறங்கி மீட்டரில் முடிந்தது. அவிழ்த்த முனையில் இரண்டு கம்பிகள் உறையில்லாமல் பளபளத்தன.

“ஆயித்து சார், முடிஞ்சுது! இனிமே அது வெறும் கயிறு. மாலையா கழுத்துல கூடப் போட்டுக்கலாம்,” என்று நாகேஷ் ஏணியிலிருந்து கத்தினார்.

“எனக்கு மாலை போட இன்னும் நாள் இருக்குப்பா. நீ பார்த்து இறங்கு.”

டீயைக் குடித்துக்கொண்டே நாகேஷ் விவரம் சொன்னார்.

“வேலை முடிஞ்சதும் ஆபீசுக்கு ஆள் வரணும்மா. போன்ல சொன்னா எங்க கோவிந்தப்பா சார் ஒத்துக்கமாட்டாரு. நேர்ல வந்து சொன்னாத்தான் என்னை அனுப்புவாரு. சாயந்திரத்துக்குள்ள வந்துடுங்க. இல்லேன்னா நாளைக்குத்தான்.”

அவர் போனபிறகு மௌரீன் கூடத்தில் மீட்டருக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சைப் பார்த்தாள்.

“ஏங்க, மெயினை ஆஃப் பண்ணட்டுமா?”

“எதுக்கு?” என்று மாடிப்படியிலிருந்து பெர்னார்டின் குரல் வந்தது. “கம்பத்துலயே புடுங்கியாச்சு. வராத கரண்டை எதுக்குடி ஆஃப் பண்றது?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைக் கழற்றி மாட்டுகிற மனிதர். அந்த வீட்டில் ஒயர் விஷயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

உள்ளறையிலிருந்து மருமகள் வித்யாலட்சுமி லேப்டாப் பையோடு வந்தாள். கரூரிலிருந்து வேலைக்கு வந்து, கூட வேலை பார்த்த இவர்கள் மகன் கிளிஃபர்டைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த பெண். இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

“அத்தை, மத்தியானம் எனக்கு முக்கியமான மீட்டிங் இருக்குதுங்க. இந்த லேப்டாப்ல பேட்டரி நிக்கவே மாட்டேங்குது. அல்சூர்ல என் ஃப்ரெண்டு ரூமுக்குப் போயிடட்டுங்களா?”

“தாராளமா போ. சாப்பிட்டுட்டுக் கிளம்பு. நான் ஆபீசுக்குப் போயிருப்பேன், மாமா மேல இருப்பாரு. கதவை வெறுமனே சாத்திட்டுப் போ.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் சமையலறையில் சுவர் தட்டும் சத்தம் கேட்டது. எல்லம்மாதான்.

எல்லம்மாவின் வீடு பின்தெருவைப் பார்த்தது. இரண்டு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. இரண்டு சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர், அந்தச் சுவரில் தலைக்கு மேலே ஒரு காற்றுத் துவாரம். அதன் வழியாகத்தான் கறிவேப்பிலையும் ஊர்க்கதையும் போய் வந்தன. கரண்டும் போய் வந்தது. இந்தத் தெருவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அந்தத் தெருவுக்கு வேறொன்று. ஒரு பக்கம் போனால் மறுபக்கம் பெரும்பாலும் இருக்கும். ஆகவே, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயரை பெர்னார்ட் செய்து வைத்திருந்தார். யார் வீட்டில் கரண்ட் இருக்கிறதோ அவர்கள் ஒரு முனையைத் தங்கள் வீட்டில் சொருகி, மறுமுனையைத் துவாரத்தில் தள்ளுவார்கள். இல்லாதவர்கள் அதை வாங்கித் தங்கள் பிளக்கில் சொருகிக்கொள்வார்கள். வீடு முழுக்க விளக்கு எரியும்.

“இன்னாடி மௌரீன், உங்க வூட்டு மிக்ஸி சத்தமே காணோம்? சட்னி அரைக்கலையா, இல்ல மாமியாரும் மருமவளும் பேச்சை நிறுத்திட்டீங்களா?”

“கரண்டை நிறுத்தியிருக்கோம் எல்லம்மா. குழாய் மாத்தறோம். ஒரு பகலுக்குத்தான்.”

“சொல்லக் கூடாதா? இரு, ஒயரைத் தள்றேன்.”

“வேணாம், வேணாம். நான் ஆபீசுக்குப் போறேன். வித்யா அல்சூருக்குப் போறா. யாருக்குக் கரண்ட்?”

“உன் புருஷனுக்கு ஃபேன் வேணாமா?”

“அவரு மாடியில வெயில்ல நிக்கறாரு. சூரியனுக்கு ஃபேன் போடப் போறியா?”

எல்லம்மா அந்தப் பக்கம் கடகடவென்று சிரித்தாள். “சரி, நானும் கோயிலுக்குப் போவணும். வியாழக்கிழமை. குழந்தை இயேசுவுக்கு மெழுகுவத்தி வெச்சுட்டு வர்றேன். உனக்கும் சேத்து வெக்கிறேன், நீ எங்க போவப் போற?”

கொத்தனார் வந்து குழாயை நட்டு, சிமெண்ட் பூசி, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டுக்குப் பிறகு பெர்னார்ட் மாடிப்படியில் கால் வைத்தபடி சொன்னார்:

“நீ கிளம்பு மௌரீன். இன்னைக்குக் கோயில் கூட்டம், ரோடு ஜாம் ஆகும். நீ போய்ச் சேர்றதுக்குள்ள ஒயரை மேலே ஏத்திக் கட்டிடுவேன்.”

“போனை எடுத்துக்கிட்டுப் போங்க மாடிக்கு.”

“எங்க வச்சுக்கறது? காதுலயா? அங்கேயே ஃபிரிட்ஜ் மேல இருக்கட்டும்.”

கரண்ட் ஆபீசில் கோவிந்தப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தார்.

“கெலசம் முடிஞ்சுதாம்மா, குழாய் வேலை?”

“முடிஞ்சிருக்கும் சார்.”

“முடிஞ்சிருக்கும்னு நான் எப்படிம்மா எழுதறது? முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது, இல்லேன்னா இல்ல. வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க. நான் எங்கேயும் ஓடிப்போகலை, ஸ்வல்ப நேரம் இங்கதான் இருப்பேன்.”

பெர்னார்டின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வித்யா ஒருவேளை இன்னும் கிளம்பாமல் இருப்பாளோ என்று அவளைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தாள். குரல் மட்டும் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

“அத்தை, மீட்டிங் ஆரம்பிக்கப் போகுதுங்க.”

“அல்சூர் போய்ச் சேர்ந்துட்டியா?”

“எங்கீங்க போறது? ரோடெல்லாம் கூட்டம். ஒரு ஆட்டோவும் வரமாட்டேங்கிறான். நான் வீட்டுலதான் இருக்கேன். எல்லம்மா ஆன்ட்டி சுவத்தைத் தட்டிக் கேட்டாங்க, ஒயரைத் தள்ளி விட்டாங்க. நானே சொருகிட்டேன். ஃபேனெல்லாம் ஓடுதுங்க அத்தை! கூப்பிடறாங்க, வைக்கட்டுங்களா?”

வைத்துவிட்டாள்.

“வேலை முடிஞ்சுதான்னு கேக்கறதுக்குள்ள வச்சுட்டா சார்,” என்று மௌரீன் சிரித்தாள். “மருமகளுக்கு மீட்டிங்காம். நல்லவேளை, எங்க பின்வீட்டம்மா ஒயர் குடுத்திருக்கா. தங்கமான மனுஷி. கரண்ட் இல்லேன்னா போதும், கேக்காமலே ஒயரைத் தள்ளி...”

அவள் பாதியில் நிறுத்தினாள்.

“ஏம்மா? என்ன ஆச்சு?”

எல்லம்மா ஒயர் தள்ளும்போதெல்லாம் இந்தப் பக்கம் பெர்னார்ட் ஒரு வேலை செய்வார். முதலில் கூடத்துக்குப் போய் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் பிளக்கைச் சொருகுவார். அவரைத் தவிர யாரும் அதைச் செய்ததில்லை. ஏன் என்று அவள் ஒருமுறை கேட்டபோது சொல்லியிருந்தார்: மெயின் ஆஃபில் இருந்தால் வந்த கரண்ட் வீட்டுக்குள்ளேயே நிற்கும். ஆனில் இருந்தால் மீட்டர் வழியாகப் பின்னால் ஏறி வெளி ஒயருக்குப் போய்விடும். கம்பத்தில் எவனாவது கை வைத்திருந்தால் அவன் கதி அவ்வளவுதான்.

இன்றைக்கு மெயின் ஆனில் இருந்தது. வராத கரண்டை யாரும் ஆஃப் செய்யவில்லை. இப்போது அது சமையலறைச் சுவரிலிருந்து புறப்பட்டு, கூடத்துக்கு வந்து, சுவரேறி, மாடியில் சுருட்டி வைத்த ஒயரின் மொட்டைக் கம்பியில் போய் நின்றுகொண்டிருக்கும். அந்த ஒயரைத்தான் பெர்னார்ட் கையில் எடுக்கப் போகிறார். வெறும் கயிறு என்று நினைத்துக்கொண்டு.

“சார்,” என்றாள். “சார், என் வீட்டுக்காரரு...”

மறுபடி வித்யாவை அழைத்தாள். இரண்டு மணி அடித்துக் கட் ஆனது. ‘இப்போது பேச முடியாது’ என்று போன் தானாக ஒரு ஆங்கிலச் செய்தி அனுப்பியது. இன்னொரு தடவை. அதே செய்தி. பெர்னார்டின் போன் ஃபிரிட்ஜ் மேல் அடித்துக்கொண்டிருந்தது. எல்லம்மாவை அழைத்தாள். எடுத்தவுடன் ஒலிபெருக்கியில் ஜெபமாலை சத்தம் காதைப் பிளந்தது.

“எல்லம்மா! ஒயரைப் புடுங்கு!”

“இன்னாது? சத்தமா சொல்லுடி, கோயில்ல இருக்கேன்!”

“ஒயர்! ஒயரைப் புடுங்கு!”

“ஒயரா? ஆமா, குடுத்தேன், குடுத்தேன். அந்தப் பொண்ணு ஆட்டோ கிடைக்காம கண்ணு கலங்கி நின்னுச்சு. அதுக்கின்னா தேங்க்ஸு, வுடு.”

“ஐயோ, மெயின் ஆஃப் பண்ணலை எல்லம்மா! அவரு மாடியில ஒயரைத் தொட்டுக்கிட்டு இருக்காரு!”

ஒலிபெருக்கிச் சத்தம் சற்று விலகியது; எல்லம்மா கூட்டத்திலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டும்.

“பெர்னார்ட் பண்ணியிருப்பாரே,” என்றாள் பிறகு. குரல் மாறிவிட்டது. “எப்பவும் அவருதானே பண்ணுவாரு? நான் அந்த நெனப்புலதான்டி குடுத்தேன். வூட்டைப் பூட்டிட்டு வந்துட்டேனே. இந்தக் கூட்டத்துல நான் எப்பிடி... மௌரீன், ஏய் மௌரீன்!”

மௌரீன் திரும்பியபோது வாசலில் நாகேஷ் நின்றுகொண்டிருந்தார். போனில் அவள் கத்தியதைக் கேட்டிருக்கிறார்.

“பின்வீட்டுலேருந்து ஒயரா?” என்று கேட்டார். “மெயின் ஆன்லயா?”

அவள் தலையாட்டினாள்.

“வண்டியில ஏறுங்கம்மா.”

கோவிந்தப்பா போனைக் கையில் எடுத்தபடி எழுந்து நின்றார். “அந்தப் பொண்ணு நம்பர் குடுங்க. நான் இங்கேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். போங்க, போங்க!”

பைக் சந்துகளுக்குள் புகுந்து போனது. மௌரீன் ஒரு கையால் நாகேஷின் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வித்யாவை அழைத்தபடியே இருந்தாள்.

“அம்மா, சாரு செருப்புப் போட்டிருப்பாரா?”

“மாடிக்குச் செருப்பே போடமாட்டாரு. சூடு தாங்கற காலுன்னு பெருமை பேசுவாரு.”

“தரை காய்ஞ்சுதானே இருக்கும்?”

“புது சிமெண்டு. தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லிட்டுப் போனாரு கொத்தனார்.”

அதற்குப் பிறகு நாகேஷ் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

“ஏதாவது சொல்லுங்க சார்.”

“ஒண்ணும் ஆகாதும்மா.”

“கழுத்துல மாலையா போட்டுக்கலாம்னு சொன்னீங்களே.”

நாகேஷின் தோள் அவள் கைக்குக் கீழே இறுகியது. “நான்தான்மா சொன்னேன். மெயினை ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கணும். டீ குடிச்சுட்டு வந்துட்டேன்.”

விவேக் நகர் முனையில் வண்டி நின்றுவிட்டது. கோயிலுக்குப் போகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. மெழுகுவத்திக் கடைகள், பூக்கடைகள், நடுவில் நகராத ஒரு பஸ்.

“இறங்கி ஓடுங்கம்மா. நான் வண்டியைப் போட்டுட்டு வந்துடறேன். இங்க பாருங்க, நான் சொல்றதைக் கேளுங்க. நேரா மெயின். அதைக் கீழே இழுத்த பிறகுதான் மாடி. அவரு விழுந்து கிடந்தாலும் சரி, கூப்பிட்டாலும் சரி, மெயினுக்கு முன்னாடி அவரைத் தொடாதீங்க. தொட்டா ரெண்டு பேரும் போயிடுவீங்க. புரியுதா?”

“புரியுது.”

“திருப்பிச் சொல்லுங்க.”

“முதல்ல மெயின்.”

அவள் ஓடினாள். யார் மீதோ இடித்தாள். “பார்த்துப் போம்மா, சாமி எங்கேயும் ஓடிப்போகாது,” என்று ஒருத்தி திட்டினாள். சந்து திரும்பியதும் மாடி தெரிந்தது. புதுக் குழாய் நேராக நின்றுகொண்டிருந்தது. அதில் ஒயர் இல்லை. பக்கத்தில் ஆளும் இல்லை.

“ஏங்க!” என்று கத்த வாயைத் திறந்தாள். கத்தினால் திரும்பிப் பார்ப்பார். பார்க்கிற அவசரத்தில் எதையாவது பிடிப்பார். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். முதல்ல மெயின், முதல்ல மெயின் என்று உதடு மட்டும் அசைந்தது.

கூடத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காலண்டர் தாள்கள் படபடத்தன. ஃபிரிட்ஜ் மேல் பெர்னார்டின் போன் கிடந்தது. அவள் மெயினைக் கீழே இழுத்தாள். ஃபேன் எல்லம்மாவின் கரண்டில் ஓடிக்கொண்டே இருந்தது; மாடிக்குப் போகிற வழி மட்டும் அடைபட்டது.

உள்ளறைக் கதவு திறந்தது. வித்யா காதில் ஹெட்செட்டோடு வெளியே வந்தாள்.

“ஐயோ அத்தை, பேசிட்டு இருக்கும்போதே இத்தனை தடவை போன்... ஏனுங்க அத்தை? ஏன் இப்படி நிக்கறீங்க?”

“மாமா எங்க?”

“மேலதானுங்க.”

“கடைசியா எப்போ அவரு சத்தம் கேட்டே?”

வித்யா ஹெட்செட்டைக் கழற்றினாள். “தெரியலீங்க அத்தை. நான் இதைப் போட்டிருந்தேன்.”

வெளிப்படி ஏறும்போது மௌரீன் எண்ணாமல், வேண்டாமல், எதையும் நினைக்காமல் ஏறினாள். நினைத்தால் கால் நின்றுவிடும்.

மேலே, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பெர்னார்ட் உட்கார்ந்திருந்தார். முதுகு தொட்டியில் சாய்ந்திருந்தது. இடது கை வலது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தது. முகம் முழுக்க வேர்வை. கண் திறந்திருந்தது. அவர் கண்ணைச் சிமிட்டும்வரை அவள் படியிலேயே நின்றாள்.

“வந்துட்டியா,” என்றார். “சத்தம் போடாதே. வித்யா பயந்துடும்.”

“ஏங்க...”

“நெஞ்சு வலி மாதிரி தெரியல. ஆனா அதுதான்னு நினைக்கிறேன். ஒயரை எடுக்கக் குனிஞ்சேன், புறங்கையில சுத்தியலால அடிச்ச மாதிரி ஒண்ணு. அப்படியே தூக்கிப் போட்டுடுச்சு. கை மரத்துப் போச்சு. வாய் கூட வரலை. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான், இடது பக்கம். எனக்கு வலது பக்கம். அதான் புரியலை.”

“அது ஹார்ட் இல்லீங்க. கரண்ட். ஒயர்ல கரண்ட்.”

“பைத்தியமா உனக்கு? கம்பத்துலயே இல்லாத ஒயர்ல எங்கேருந்து கரண்ட்? இதோ பாரு...”

அவர் காலுக்குப் பக்கத்தில் கிடந்த சுருளை நோக்கிக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க!”

மெயின் ஆஃபில் இருப்பது அவளுக்குத் தெரியும். தன் கையால் இழுத்தவள் அவள்தான். ஆனாலும் அந்தக் கத்தல் அவள் அறியாமலே வந்தது. கீழே வித்யா அழ ஆரம்பித்தாள். நாகேஷ் இரண்டிரண்டு படியாக ஏறி வந்து, பேச்சே இல்லாமல் டெஸ்டரைக் கம்பி முனையில் வைத்துப் பார்த்துவிட்டு, சுருளைக் காலால் தூரத் தள்ளினார்.

“எல்லம்மா கரண்ட் குடுத்திருக்கா,” என்றாள் மௌரீன். “வித்யா சொருகியிருக்கு. மெயின் ஆன்ல இருந்துச்சு.”

பெர்னார்ட் அவளையும் சுருளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“எழுந்திருக்கலாம்னு நினைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்,” என்றார் மெதுவாக. “பிடிச்சுக்க ஒண்ணும் இல்லையேன்னு. கீழே கையை ஊணித்தான் எழுந்திருக்கணும். ஊணினா அது மேலதான் ஊணியிருப்பேன், இல்ல?”

நாகேஷ் அவர் தோளைத் தாங்கி எழுப்பினார்.

பக்கத்து நர்சிங் ஹோமில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். “இதயம் சீராத்தான் இருக்கு. ஆனா ஷாக் அடிச்சவங்களை உடனே அனுப்பமாட்டோம். நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும், பார்த்துக்கறோம்,” என்றார் டாக்டர். நெஞ்சில் ஒட்டிய ஒயரைக் கண்டதும் மௌரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லம்மா கோயிலில் ஏற்றாத மெழுகுவத்தியைக் கையில் பிடித்தபடியே வந்து சேர்ந்தாள். முட்டிவலிக்காரி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தே வந்திருந்தாள்.

“என் கையால குடுத்தேனே பெர்னார்டு. உன்னைக் கொன்னுட்டு உன் வூட்டுக் குழம்பு கேட்டுக்கினு நின்னிருப்பேனே!”

“கொன்னிருந்தா குழம்பு கிடைச்சிருக்காது எல்லம்மா. சாவு வீட்டுல காபிதான் குடுத்திருப்பாங்க,” என்றார் பெர்னார்ட் படுக்கையிலிருந்து.

“வாயை மூடுங்க,” என்றாள் மௌரீன். கிளிஃபர்ட் மட்டும் பாதிச் சிரித்து நிறுத்திக்கொண்டான். அவன் ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தான்.

வித்யா கதவோரம் நின்றாள். “எனக்கு யாருமே சொல்லலீங்களே அத்தை,” என்றாள். “மெயின் ஆஃப் பண்ணணும்னு தெரிஞ்சிருந்தா நான் தொட்டிருப்பேனுங்களா? நானா போய்க் கேக்கலை. ஆன்ட்டி குடுத்தாங்க. நீங்க எல்லாரும் எப்பவும் பண்றதுதானேன்னு...”

“யாரு உன்னைக் குறை சொன்னாங்க?”

“நீங்க என் முகத்தையே பார்க்கலீங்க.”

மௌரீன் பார்த்தாள். பார்க்கும்போதே தெரிந்தது, கோபம் இல்லை. பயம்தான். இந்தப் பெண் கொஞ்சம் பிந்திச் சொருகியிருந்தால், அந்த நேரம் அவர் ஒயரை உள்ளங்கையில் இறுகப் பிடித்திருந்தால் என்று மனசு திரும்பத் திரும்ப அந்த மாடிக்கே ஏறிக்கொண்டிருந்தது.

“வா, இங்க வந்து உட்காரு,” என்றாள். “அவரு ஒருத்தரே எப்பவும் செய்வாரு. அதனால எங்களுக்குச் சொல்லணும்னே தோணலை. உனக்கும் சொல்லலை, மெயின் ஆன்ல இருக்குன்னு எல்லம்மாவுக்கும் சொல்லலை. எனக்குத் தெரிஞ்சும் காலையில ஒரு வார்த்தைக்கு அடங்கிட்டேன்.”

மறுநாள் பெர்னார்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளிஃபர்ட் அவரை மாடிக்குப் போக விடவில்லை. அவனும் கொத்தனாரும் சேர்ந்து ஒயரைக் குழாயில் ஏற்றிக் கட்டினார்கள். பின்வீட்டு ஒயரை எல்லம்மாவே இரண்டு முனையிலிருந்தும் பிடுங்கி, பிளக்குகளைக் கத்தரியால் வெட்டி எறிந்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் நாகேஷ் வந்தார். வந்தவர் டீ கேட்கவில்லை, கம்பத்துக்குப் போகவில்லை. நேராகக் கூடத்துக்கு வந்து மெயினைப் பார்த்தார்.

“ஆஃப்லதான்மா இருக்கு. நான் ஏறறேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் இதைத் தொட வேணாம்.”

“யாரும் தொடமாட்டாங்க,” என்று மௌரீன் மெயினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“நான் நிக்கறேம்மா, நீங்க உட்காருங்க,” என்றான் கிளிஃபர்ட்.

“போடா.”

வெளியே ஏணி சாய்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் சுவிட்சின் மேல் கையை வைத்தபடி அசையாமல் நின்றாள். வேர்வையில் கை வழுக்கியது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

“ஆயித்தும்மா! கட்டியாச்சு! மெயினைப் போடலாம்!”

அவள் போடவில்லை.

“அம்மா, போடுங்க,” என்றான் கிளிஃபர்ட்.

“நாகேஷ் சார்! எங்க இருக்கீங்க?”

“கம்பத்துலதான்மா. நான் மேல இருந்தாலும் ஒண்ணும் ஆகாது, போடுங்க.”

“இறங்குங்க சார். இறங்கி வாசல்ல வந்து நில்லுங்க. நான் பார்க்கணும்.”

தெருவில் யாரோ சிரித்தார்கள். நாகேஷ் சிரிக்காமல் இறங்கி வந்து வாசற்படியில் நின்றார். “வந்துட்டேன்மா.”

“கொத்தனார்?”

“இதோ இருக்கேங்க.”

“எல்லம்மா!”

சமையலறைத் துவாரத்திலிருந்து குரல் வந்தது. “இங்கதான்டி இருக்கேன்.”

“அங்க இருந்தா எனக்குத் தெரியாது. சுத்திக்கிட்டு முன்வாசலுக்கு வா.”

“முட்டி வலிக்குதுடி!”

“வா எல்லம்மா.”

அவள் பின்தெருவைச் சுற்றி வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. எல்லம்மா மூச்சு வாங்கியபடி வந்து நாகேஷின் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். “வந்துட்டேன். கையில ஒண்ணும் இல்ல, பாத்துக்கோ.”

“வித்யா?”

“உங்க பின்னாடிதானுங்க அத்தை.”

“ஏங்க?”

பதில் வரவில்லை.

“ஏங்க!”

“உன் பக்கத்துலதானேடி நாற்காலியில உட்கார்ந்திருக்கேன்,” என்றார் பெர்னார்ட். “என்னையும் கூப்பிடுவேன்னு நினைக்கலை.”

அவள் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். புறங்கையில் கறுப்பாக ஒரு சின்னப் புள்ளி. அவ்வளவுதான் அந்தக் கரண்ட் விட்டுப்போன அடையாளம்.

“கையை மடியில வைங்க.”

வைத்துக்கொண்டார்.

“ரெண்டு கையையும்.”

“வச்சுட்டேன்.”

மௌரீன் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை மேலே தள்ளினாள்.